விருந்தாளிக்குப் போட்ட உப்பு

எங்கள் வீட்டில் மொத்தம் நாலு பேர். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் ஐந்து பேர் என்று சுவரில் ஒரு பலகை சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் கல்யாணம் ஆனபோது சபையில் யாரோ கொடுத்த பலகை அது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பலகையின் ஓரமெல்லாம் திராட்சைக் கொடி, நடுவில் தங்க நிற எழுத்து. கிறிஸ்துதான் இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்காரும் விருந்தாளி அவர்தான், இங்கே பேசுவதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவரும் அவரே என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் சபையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இது மாட்டியிருக்கும். மாட்டிய பிறகு பெரியவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே அதை வைத்துத்தான். அதனால் அதில் இருப்பதை அப்படியே நம்பினேன்.

அப்போது காலடிப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு கூடம், அதன் பின்னால் திரை போட்ட உள்ளறை, பக்கத்தில் சமையலறை. வாசல் கதவில் பழைய பூட்டைக் கழற்றிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்க வேண்டும் என்று நைனா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நைனாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. வீட்டை ஓட்டியது அம்மா. காலையில் எழுந்ததும் முழங்கால் ஜெபம், பள்ளிக்குப் போகுமுன் ஒரு வசனம், சாயங்காலம் விளக்கு போட்டதும் குடும்ப ஜெபம் என்று வீட்டை ஒரு சின்னச் சபையாகவே நடத்திவந்தாள். ஜெபத்தின் நடுவில் தூங்கி விழுவதில் எனக்கும் தம்பிக்கும் நைனாவுக்கும் போட்டி. பெரும்பாலும் நைனாதான் ஜெயிப்பார்.

மூத்தவள் எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, நிறைமாதமாக இருந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் அம்மா திரும்பி வந்தாள். கையில் குழந்தை இல்லை. ஒரு நாள் இருந்தானாம், இன்னொரு தம்பி. எங்களுக்குக் காட்டவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் எங்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "அயுவாதீங்க கண்ணுங்களா, பாப்பாவ இயேசப்பா எடுத்துக்கினாரு." நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, இன்னும் ஒரு படி மேலே போனாள். தம்பியை மடியில் வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே, "நல்ல புள்ளைங்களத்தான் அவரு சீக்கிரமா எடுத்துக்குவாரு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் தம்பியை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டவர் எங்கோ வானத்தில் இருப்பவர் என்றால் பரவாயில்லை. அவர் மூன்று வேளையும் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறதே. வருகிறார், கூட உட்காருகிறார், பேசுவதைக் கேட்கிறார், கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டார். ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டவருக்கு அடுத்த பிள்ளையை எடுக்க எவ்வளவு நேரமாகும்?

அன்றிலிருந்து கூடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாடிப்படிக்குக் கூட்டிப்போய்க் காதில் சொல்வேன். நல்ல பிள்ளைகளைத்தான் எடுப்பார் என்பதால் அவனைக் கெட்ட பிள்ளையாக்கும் வேலையிலும் இறங்கினேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு பொய்யையும் நானே யோசித்து, அவனைத் திரும்பச் சொல்லவைத்து, மனப்பாடம் செய்வித்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா போட்ட கோலத்தை மிதித்துவிட்டு வரச் சொன்னேன். அவன் சந்தோஷமாக எல்லாவற்றையும் செய்தான். அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே அதிகம் அடி வாங்கிய பிள்ளை அவன்தான். அதற்கு யார் காரணம் என்பது அவனுக்கு வெகுநாள் தெரியாது.

ஆனால் அம்மாவை என்ன செய்வது? எங்கள் வீட்டில் நல்லவள் அம்மாதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்து நடமாடவேயில்லை. நைனா தட்டில் சோறு போட்டு ஸ்டூலில் வைப்பார். சாயங்காலம் பார்த்தால் பருக்கை காய்ந்து அப்படியே இருக்கும். யாராவது பிடிவாதம் பிடித்தால் இரண்டு வாய் பால் இறங்கும், அவ்வளவுதான். டாக்டர் ஊசி போட்டார். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அத்தை திட்டிப் பார்த்தாள். ஈஸ்டருக்குக்கூட அம்மா சபைக்கு வரவில்லை. கையிலிருந்த வளையல் முழங்கை வரை ஏறியது.

"இப்டியே உட்டா இவளும் பூடுவாடா" என்று அத்தை சமையலறையில் நைனாவிடம் சொன்னதை நான் கேட்டேன். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த இன்னொருவரும் கேட்டிருப்பார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாப்பாவை ஒரேயடியாக எடுத்தவர், அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மே மாதம் வந்தது. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. நைனா இரண்டாவது ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அவரே சமைப்பார். பன்னிரண்டரைக்கு எங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ஒன்றேகாலுக்கு அத்தை வந்ததும் சைக்கிளில் வேலைக்குக் கிளம்புவார். அவருக்குத் தெரிந்தது மூன்றே சமையல்: மீன் குழம்பு, ரசம், அவித்த முட்டை. ஜெபமும் அப்படித்தான். ஒரே வரி. சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், ஆமென், சாப்பிடு.

ஒரு நாள் அந்த ஒரு வரியைச் சொல்லி முடித்த பிறகும் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"வர்றாரு வர்றாருன்னு இத்தினி வருசமா எயுதி மாட்டி வெச்சிகினு கீறோம். ஒரு நாளாச்சும் அவருக்கு ஒரு தட்டு வெச்சோமா?"

எழுந்துபோய், பாஸ்டர் வந்தால் மட்டும் விரிக்கிற இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்து வந்தார். நாங்கள் எல்லாரும் தரையில்தான் சாப்பிடுவோம். நாற்காலியை விரித்து, என் வீட்டுப்பாட மேசையை அதன் முன்னால் இழுத்துப் போட்டு, புது எவர்சில்வர் தட்டில் சோறு போட்டு, கிண்ணத்தில் குழம்பும் டம்ளரில் தண்ணீரும் வைத்தார். எங்கள் பாப்பாவை எடுத்துக்கொண்டு போனவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாரே இந்த மனிதர் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அவருக்கு வெச்ச சோறு இது. கொட்டக் கூடாது. நாயிக்கும் போடக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, உள்ளறைத் திரையைப் பார்த்தார். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு எங்கள் கையைப் பிடித்தார். "வாங்க போலாம். விருந்தாளி துன்றப்போ வாயப் பாத்துகினு நிக்கக் கூடாது."

கதவைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு பாய் அளவுக்கு நிழல் இருக்கும். அங்கே உட்கார்ந்தோம். கடற்காற்று இன்னும் எழும்பாத நேரம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. அதற்கும் அப்பால், கடல் எது வானம் எது என்று தெரியாத வெளுப்பில், முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் அந்தரத்தில் நின்றன. ஏதோ தொழிற்சாலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு வந்த அமைதியில், எங்கள் காலுக்குக் கீழே, எங்கள் வீட்டுக்குள், நாற்காலி தரையில் லேசாக இழுபடும் சத்தம் கேட்டது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து இறங்கி வந்தோம். தட்டில் ஒரு பருக்கை இல்லை. கிண்ணம் வழித்திருந்தது. டம்ளர் காலி. நைனா நிறுத்திவிட்டுப் போன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளறைத் திரை மெல்ல ஆடியது. எட்டிப் பார்த்தேன். அம்மா எப்போதும் போல சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது இரும்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சங்கரா மீன் குழம்பு வைத்த நாளில் மீன் முள்ளெல்லாம் தட்டின் விளிம்பில் வரிசையாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கியிருந்தது. உயிர்த்தெழுந்த பிறகு அவர் சீஷர்களோடு மீன் சாப்பிட்டார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே மீன் தின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டில் முள்ளை அப்படி அடுக்கி வைக்கிற ஒரே ஆள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். பயந்த பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. தம்பிக்கோ பயமே இல்லை. "இயேசப்பா இன்னிக்கு முட்டையும் துன்ட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் அவனுடைய வழக்கமான பொய்களில் ஒன்று என்று சிரித்தார்கள்.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் காலை, நைனா மீன் வாங்கப் போயிருந்தார். உள்ளறையில் அம்மா பேசுகிற சத்தம் கேட்டது. அவள் வாய் திறந்து பேசி அத்தனை நாளாகியிருந்ததால் ஓடிப்போய்த் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே வேறு யாரும் இல்லை. ஆனால் அவள் யாரிடமோ பேசினாள். கேட்டாள், நிறுத்தினாள், பதில் வந்ததைப்போல மறுபடி பேசினாள். பாதி காதில் விழவில்லை. விழுந்தது இதுதான்:

"என்னையும் கூட்டிகினு போயிடேன். இன்னாத்துக்கு நா மட்டும் இங்க?"

கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவரிடம் இவளே மொத்தமாக எடுத்துக்கொள் என்கிறாளே. நைனாவிடம் சொல்லலாம் என்றால், தட்டு வைத்து அழைப்பதே அவர்தான். அத்தையிடம் சொன்னால் ஸ்தோத்திரம் என்பாள். நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

வேண்டாத விருந்தாளியை எப்படி நிறுத்துவது என்று எனக்கு ஒரு வழிதான் தெரிந்திருந்தது. ஒருமுறை நைனா ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பிட வந்த பெரியப்பா, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கை நனைத்ததேயில்லை.

அன்று மத்தியானம் நைனா தட்டு வைத்துவிட்டுத் தம்பிக்குக் கை கழுவிவிடப் போன நேரத்தில், சமையலறை டப்பாவிலிருந்து தூள் உப்பை அள்ளினேன். ஒரு கை குழம்புக் கிண்ணத்தில். இன்னொரு கை சோற்றுக்குள். விரலால் கலக்கிவிட்டேன். கலக்கும்போது நாற்காலியைப் பார்க்கவில்லை. அதில் ஏற்கனவே அவர் வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. "வராதீங்க. எங்க அம்மாவ உட்டுடுங்க" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மொட்டைமாடியில் அன்று எனக்கு நிழலிலும் வியர்த்தது. பத்து நிமிடம் போயிருக்கும். தம்பி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்து ஓடினான். நைனா கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. அவன் கதவு ஓட்டைக்குத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் உயரத்துக்கு அந்த ஓட்டை சரியாக இருக்கும். நேரெதிரே நாற்காலி தெரியும்.

திரும்பி வந்தபோது அவன் சிரிக்கவில்லை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வந்து நைனாவின் மடியில் உட்கார்ந்தான்.

"இயேசப்பா சேர்ல குந்திகினு கீறாரு" என்றான்.

நைனா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"அயுதுகினு கீறாரு, நைனா. துன்னல. சும்மா குந்திகினு அயுதுகினே கீறாரு."

நைனாவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. உப்பு. நான் போட்ட உப்பு. சிலுவையில் ஆணி அடித்தபோது அழாதவரை நான் அழவைத்துவிட்டேன்.

கீழே போனோம். தட்டு காலி. ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. அவ்வளவு உப்பையும் ஒருவர் முழுதாகச் சாப்பிட்டிருக்கிறார். சமையலறையில் சத்தம் கேட்டது. அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் தானாக எழுந்து சமையலறைக்குள் போய் இரண்டு மாதமாகியிருந்தது. குடத்திலிருந்து சொம்பில் மொண்டு அண்ணாந்து தண்ணீர் குடித்தாள், மறுபடி மொண்டாள், மறுபடி குடித்தாள். பிறகு குழம்புச் சட்டியைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"சரியாத்தான கீது" என்று தனக்குத்தானே சொன்னாள்.

நைனா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் முகத்தை அல்ல, கையை. நகத்தின் இடுக்கில் உப்பு வெள்ளையாக இருந்தது. அவர் என் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.

"நாளிக்கு நா வெக்கிறேன் கொயம்பு" என்றாள் அம்மா. "நீ மீனு மட்டும் வாங்கியா."

மறுநாள் அம்மா சமைத்தாள். எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டில் முள்ளை வரிசையாக அடுக்கினாள். நைனா மடக்கு நாற்காலியை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். விருந்தாளிக்கு அதற்குப் பிறகு தட்டு வைக்கவில்லை. என் திட்டம் பலித்துவிட்டது. அம்மா பிழைத்துவிட்டாள், அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் அழுதுகொண்டே போனார். அதை யாரிடம் சொல்வது?

ஏழு வருடம் அதைச் சுமந்தேன். முதல் நற்கருணைக்காகப் பீடத்தின் முன் முழங்காலிட்டபோது, அவருடைய சரீரம் என்று கொடுக்கும் அப்பம் என் வாயில் மட்டும் உப்புக் கரிக்கும் என்று நடுங்கினேன். கரிக்கவில்லை. அந்த வருடம்தான் அத்தை பேச்சுவாக்கில், "உங்க நைனா கெட்டிக்காரன்டி. உங்கம்மா தனக்குன்னா துன்னமாட்டா, ஆண்டவருக்கு வெச்சத கொட்டமாட்டான்னு பாத்து தட்டு வெச்சான்" என்று சிரித்தாள். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நாற்காலிச் சத்தம், மின்விசிறி, மீன் முள். ஜெபத்தில் தூங்குகிற நைனாதான் அந்த வீட்டில் அன்றைக்கு உண்மையாக ஜெபித்திருக்கிறார். ஆனால் இயேசப்பாவை அழவைத்த பாவம் இறங்கிய இடத்தில் அம்மாவை அழவைத்த பாவம் ஏறி உட்கார்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்திருந்தவளின் சோற்றில் உப்பை அள்ளிப்போட்டவள் நான். இது அதைவிடக் கனமாக இருந்தது. ஆகவே இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் இருப்பது மீஞ்சூரில். கணவர், இரண்டு பிள்ளைகள். அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டுச் சுவரில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவும் நைனாவும் தம்பியும் சாப்பிட வந்துவிடுவார்கள். நைனா இன்றும் ஜெபத்தில் தூங்கி விழுகிறார். போட்டிக்கு என் மகன் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிறு, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருக்கும் என் ஆறு வயது மகள் பலகையைப் படித்து முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல அவரு எந்த சேர்ல குந்தினு கீறாரும்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கை மட்டும் தட்டிலேயே நின்றுவிட்டது.

அன்று பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரைக்கு வெளியே நின்று கேட்டதை, உப்பை, இத்தனை வருடப் பயத்தை. அம்மா தேய்த்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. நீயா அது?"

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொத வாயி வெச்சதும் கரிச்சிது. தெனம் அயுதுகினேதான துன்றோம், அதான்னு நெனச்சேன். மூணாவது வாயில பயந்துட்டேன்டி. சோறே உப்பாப் போற அளவுக்கா அயுதுட்டோம்னு. அவருக்கு வெச்சது, கொட்ட முடியாது. முயுங்கினேன். வந்து சட்டில தொட்டுப் பாத்தா கொயம்பு சரியா கீது. அப்போ அது என் கண்ணீருதான்னு முடிவே பண்ணிட்டேன். போதும்டா சாமின்னு எந்திரிச்சேன். இத்தினி வருசமா அப்டித்தான நம்பிகினு கீறேன்!"

அவளுடைய அற்புதத்தை நான் பறித்துவிட்டேன் என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. "ரொம்ப அழுதியாமே. தம்பி ஓட்டை வழியா பார்த்தான். நாற்காலியில உக்காந்து அழுதுகிட்டிருந்தியாம்" என்றேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"நா எங்க சேர்ல குந்தினேன்?"

"தினமும் அதுல உக்காந்துதானே சாப்பிட்டே?"

"ஐய. அவரு சேர்ல நா குந்துவனா? மேசைய எட்டணும்னு சேர கொஞ்சம் தள்ளுவேன், அவருக்கு வேர்க்குமேன்னு ஃபேன் போடுவேன், அவ்ளோதான். தட்ட எடுத்துகினு உள்ள போயி, கட்டிலுக்கு அந்தாண்ட தரையில குந்தி துன்னுட்டு, திரும்ப கொண்டாந்து வெப்பேன். ஒரு நாளும் அதுல குந்தினதில்ல."

உள்ளறையில், திரைக்குப் பின்னால், கட்டிலுக்கு அந்தப் பக்கம். கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.

கூடத்திற்குப் போய்த் தம்பியிடம் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. "நாலு வயசுல நா இன்னா இன்னா ஒளறிகீறேனோ. நீதான பொய் சொல்லக் கத்துக் குட்த?" என்றான். அது உண்மைதான். அந்தக் கோடையில் அவன் சொன்ன பொய்கள் அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தவை. ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அன்று மொட்டைமாடியில் நைனாவின் மடியில் உட்கார்ந்து அவன் சொன்னது அவற்றில் இல்லை.

மே மாத மத்தியானத்தில் எந்த இரும்பு நாற்காலியும் சூடாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போதெல்லாம் சாப்பிட உட்காரும்போது ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைக்கிறேன். மகளும் ஏன் என்று கேட்பதில்லை. என் வீட்டிலிருந்து இன்னும் ஒருவரை எடுத்துப்போக வந்தவர் என்றுதான் எட்டு வயதில் நான் அவரைப் பயந்து துரத்தினேன். ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன அந்தப் பிள்ளைக்காக, அம்மா திரைக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் அவரும் சாப்பிடாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.